மேசை புக் பண்ணியாச்சு, இனிமே என்னா?

இந்த மாசம் வந்த கேள்விங்கள்ல முக்காவாசி சாப்பாட்டு மேசையைப் பத்தித்தான், அதுவும் தாமானுக்குத் தாமான் இப்ப முளைச்சிருக்குற சின்ன இத்தாலியக் கடைங்களுக்குக் கூட்டாளிங்களோட போறதைப் பத்தி. அதனால மாமியார், வீட்டு லோன், பையன் எஸ்பிஎம் எல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளியாச்சு, கோவிச்சுக்காதீங்க.

செந்தூல் வாசகி:
அக்கா, தமிழ்ப்பள்ளியிலேருந்து ஒண்ணா படிச்ச கூட்டாளிங்க நாங்க ஆறு பேரு. ஒருத்தி சுத்த சைவம், முட்டைகூட தொடமாட்டா. நானும் இன்னொருத்தியும் மாடு சாப்பிட மாட்டோம். ஒருத்தி முஸ்லிம். மத்த ரெண்டு பேரும் எது குடுத்தாலும் சாப்பிடுவாங்க. எங்க வீட்டுக்குப் பக்கத்துல ஒரு இத்தாலியக் கடை தொறந்திருக்காங்க, வாசல்ல போர்க் ஃப்ரீன்னு போர்டு. அங்க போலாமா, இல்ல கடைசில பாதிப் பேரு ஃபிரைஸ் தின்னுட்டு வர்ற கதை ஆயிடுமா?

பதில்:
தாராளமா போலாம் தங்கச்சி. ஆனா அங்க போய் உக்காந்து மெனுவைப் பார்த்து முடிவு பண்ணிக்கலாம்னு போகாதீங்க, ரெண்டு நாளைக்கு முன்னாடியே கடைக்கு ஒரு வாட்ஸ்அப் தட்டிடுங்க. சின்னக் கடையோட பெரிய வசதியே அதுதான், மால்ல இருக்குற கடைல ஆர்டர் எடுக்குற பையனுக்கு உள்ள என்னா போடுறாங்கன்னே தெரியாது, தாமான் கடைன்னா சமைக்கிற ஆளே வெளிய வந்து பேசுவாரு.

மொதல்ல அந்த போர்டு. போர்க் ஃப்ரீன்னா பன்னி இல்ல, அவ்ளோதான், ஹலால்னு அர்த்தம் கிடையாது. ஜாக்கிம்னு நம்ம அரசாங்க இஸ்லாமிய இலாகா குடுக்குற ஹலால் லோகோ மாட்டியிருந்தா உங்க முஸ்லிம் கூட்டாளிக்குக் கவலையே இல்ல. அது இல்லாத கடைல ஒயின் ஊத்தி சமைக்க வாய்ப்பு நிறைய. ரிசோட்டோ செய்யும்போது அரிசியை வெண்ணெய்ல வறுத்த உடனே வெள்ளை ஒயின் விடறது வழக்கம், சிப்பி வேக வைக்கவும் அதேதான், ராகுங்கற இறைச்சி சாஸ்லயும் சேப்பாங்க. கொதிச்சா ஆல்கஹால் எல்லாம் போயிடும்னு யாராச்சும் சமாதானம் சொல்வாங்க, முழுசா போகாது. போனாலும் போகாட்டியும் அது அவங்க முடிவு பண்ண வேண்டிய விஷயம், அவங்களுக்காக நீங்க முடிவு பண்ணாதீங்க. கடை பேரைச் சொல்லிக் கேளுங்க, அவங்க சரின்னு சொன்ன பிறகு புக் பண்ணுங்க.

அடுத்தது உங்களுக்கு. நம்மாளுங்க மாட்டிக்கிற எடமே இதுதான். பன்னி போடாத கடைல அதுக்குப் பதிலா என்னா போடுவாங்கன்னு நினைக்கிறீங்க? பெரும்பாலும் மாடு. பேக்கன்னா பீஃப் பேக்கன், பெப்பரோனியும் சலாமியும் மாடு, சில கடைல மட்டும் வான்கோழி இல்ல கோழி. போர்க் ஃப்ரீ போர்டைப் பார்த்ததும் அப்பாடா நமக்கும் பிரச்சினை இல்லன்னு உள்ள போற ஆளுங்க எத்தனையோ பேரு, மெனுல வெறும் பேக்கன்னு மட்டும் போட்டிருக்கும், பாதி சாப்பிட்ட பிறகு ஒருத்தன் கேப்பான், முகம் போற போக்கைப் பாக்கணும். பொலோனீஸ், லசான்யா, மீட்பால் மூணையும் கேக்கவே வேணாம், மாடுன்னே வெச்சுக்குங்க. ப்ரெசாவோலான்னு மெல்லிசா சீவி ராக்கெட் கீரையோட வைப்பாங்க, அதுவும் உப்புப் போட்டுக் காய வெச்ச மாட்டிறைச்சிதான். அராஞ்சினின்னு ஒரு சோத்து உருண்டை பொரிச்சுத் தருவாங்க, உள்ள என்னா அடைச்சிருக்குன்னு கேட்டுட்டு வாயில போடுங்க.

சைவக் கூட்டாளிக்குத்தான் வேலை அதிகம். மெனுல பச்சை இலை படம் போட்டிருந்தா அது நம்ம ஊரு சைவம்னு நினைச்சுடாதீங்க, இறைச்சித் துண்டு கண்ணுக்குத் தெரியலன்னு மட்டும்தான் பல கடைல அதுக்கு அர்த்தம். முட்டையிலேருந்து ஆரம்பிப்போம். நாங்களே கையால செஞ்ச ஃப்ரெஷ் பாஸ்தான்னு பெருமையா சொல்றாங்க பாருங்க, தாலியாத்தெல்லே, ஃபெத்துச்சினி, ராவியோலி, அதுல பெரும்பாலும் முட்டை இருக்கும். காய்ஞ்ச ஸ்பாகெட்டி, பென்னே எல்லாம் துரும் கோதுமை ரவையும் தண்ணியும் மட்டும்தான், அதனால உங்க கூட்டாளிக்கு விலை கம்மியான பாஸ்தாதான் பத்திரம். அப்புறம் சீஸ். பார்மிஜானோ ரெஜ்ஜானோ, அதாங்க நாம பார்மெசான்னு சொல்றது, அதைச் செய்யும்போது பாலைத் திரிய வைக்கக் கன்னுக்குட்டி வயித்துலேருந்து எடுக்குற ரென்னெட்டைத்தான் போடணும்னு அவங்க ஊரு விதியே இருக்கு. கிரானா பதானோவும் அப்படித்தான். பெக்கோரினோ ரோமானோவுக்கு ஆட்டுக்குட்டியிலேருந்து எடுப்பாங்க. மாட்டைத் தொடாத வீட்டுப் புள்ளைங்க, வெரதம் இருக்குறவங்க எல்லாம் தட்டு மேல அதை மழையா தூவிக்கிட்டு சைவம்னு சாப்பிடறாங்க. தெரிஞ்ச பிறகும் சாப்பிடறதும் விடறதும் அவங்கவங்க இஷ்டம், எங்க வீட்டுலயே ரெண்டு கட்சி இருக்கு. ஆனா தெரியாம சாப்பிட வைக்கிறது தப்பு. பீட்சால போடற சாதாரண பசும்பால் மோசரெல்லா பல பிராண்டுல இப்ப நுண்ணுயிர் ரென்னெட்டுலதான் செய்றாங்க, பாக்கெட்டைப் பார்த்து சொல்லச் சொல்லுங்க. மஸ்கார்ப்போனேக்கு ரென்னெட்டே வேணாம், கிரீமைச் சூடாக்கிப் புளிப்பு சேர்த்துத் திரிக்கிறதுதான்.

ஒளிஞ்சிருக்குற மத்த ஆளுங்களையும் சொல்லிடறேன். ரிசோட்டோ, காளான் சூப், மினெஸ்ட்ரோனே இதுலெல்லாம் கோழி ஸ்டாக் இருக்கலாம். சீசர் சாலட் சாஸ்லயும் புத்தனெஸ்கா பாஸ்தாலயும் நெத்திலி மாதிரி உப்பு மீன், ஆஞ்சோவி. பெஸ்தோ பச்சையா இருக்கு, துளசி இனத்து இலைன்னு சொல்றாங்க, ஆனா அரைக்கும்போதே சீஸும் சேர்ந்துதான் அரையுது. பன்னா கோத்தாங்கற கிரீம் இனிப்பு தளதளன்னு நிக்கிறது ஜெலட்டின்ல, அது பன்னியா மாடான்னு கேட்டு ரெண்டுமே வேணாம்னு சொல்றவங்க நம்ம மேசைல உண்டு.

அப்ப என்னாதான் சாப்பிடறது? மரினாரா பீட்சா, வெறும் தக்காளி, பூண்டு, ஒரேகானோ, ஆலிவ் எண்ணெய், சீஸே கிடையாது, நல்ல கடையா இல்லையான்னு அந்த ஒரு பீட்சால தெரிஞ்சுடும். தக்காளி சாஸ் போட்ட ஸ்பாகெட்டி போமோதோரோ, காரத்துக்கு அர்ராபியாத்தா, இல்லன்னா பூண்டும் எண்ணெயும் போட்டுப் பெரட்டுற ஆலியோ ஒலியோ, ஆனா இங்க சில கடைல ஆலியோ ஒலியோல கோழிப் பவுடர் போடறான், அதையும் சொல்லி நிறுத்தணும். ரொட்டியைச் சுட்டு மேல தக்காளி வைக்கிற புருஸ்கெத்தா, கத்திரிக்காய்ல செய்ற கப்போனாத்தா. பூண்டு வெங்காயமும் கூடாத வெரத நாளா இருந்தா அன்னிக்கு இத்தாலியே வேணாம், தேதியை மாத்துங்க.

வாட்ஸ்அப்ல இப்படி அனுப்புங்க போதும்: ஆறு பேரு வர்றோம், ஒருத்தருக்கு முட்டை, மீன், இறைச்சி ஸ்டாக், பார்மெசான் எதுவும் கூடாது, ரெண்டு பேருக்கு மாடு கூடாது, ஒருத்தருக்கு ஒயின் கூடாது, உங்களால என்னென்ன செய்ய முடியும்? ஒழுங்கா பதில் போடற கடைக்குப் போங்க. எல்லாம் ஓகேன்னு ஒரு கட்டைவிரல் மட்டும் அனுப்பினா வேற கடை பாருங்க.

பிரிக்ஃபீல்ட்ஸ் வாசகர்:
எங்க குரூப்ல எப்பவும் பில்லை சமமாத்தான் பிரிப்போம். நான் குடிக்கிறதில்ல, ஒரு பாஸ்தாவும் தண்ணியும்தான். ரெண்டு பேரு ஒயின் பாட்டில் தொறப்பாங்க. கேட்டா கஞ்சன்னு பேரு வந்துடுமோன்னு பயமா இருக்கு. அதோட மெனுல விலைக்குப் பக்கத்துல போடற இந்த பிளஸ் பிளஸ் கணக்கும் ஒண்ணும் புரியல அக்கா.

பதில்:
தம்பி, கணக்கைப் போட்டுப் பாருங்க, யாரு கஞ்சன்னு தெரியும். சாப்பாடு 360 வெள்ளி, ஒயின் 180 வெள்ளி, ஆறு பேரு, குடிச்சது ரெண்டு பேருன்னு வெச்சுக்குவோம். மேல சர்வீஸ் சார்ஜ் 10, வரி 6, ஆக சுமார் 16 சதவீதம் ஏறி பில்லு 626 வெள்ளி ஆகுது. சமமா பிரிச்சா தலைக்கு 104. சாப்பாட்டை மட்டும் ஆறா பிரிச்சு ஒயினைக் குடிச்சவங்க மேல போட்டா உங்களுக்கு 70 வெள்ளிகூட முழுசா வராது, அவங்களுக்கு 174. ஒவ்வொரு வாட்டியும் 35 வெள்ளி நீங்க அவங்களுக்கு பெலாஞ்சா பண்ணிக்கிட்டு இருக்கீங்க, அவங்க ஒரு தேங்க்யூகூட சொல்றதில்ல.

அந்த ரெண்டு பிளஸும் வேற வேற ஆளுக்குப் போறது. சர்வீஸ் சார்ஜ் அரசாங்கத்துக்குப் போறதில்ல, கடைக்குப் போறது. 6 சதவீதம்தான் அரசாங்க சேவை வரி. 2024 மார்ச்ல மத்த பல சேவைக்கு அதை 8 ஆக்கினப்ப சாப்பாட்டுக் கடைக்கு 6லயே விட்டுட்டாங்க. வருஷ வியாபாரம் 15 லட்சம் வெள்ளியைத் தாண்டுன கடைதான் அதை வசூலிக்கணும், அதனால உங்க தாமான்ல எட்டு மேசை போட்ட சின்னக் கடை அதைப் போடாம இருக்கலாம். போட்டிருந்தா பில்லுல வரிப் பதிவு எண் இருக்கான்னு ஒரு தடவை பாருங்க. சர்வீஸ் சார்ஜ் குடுத்த பிறகு தனியா டிப்ஸ் வெக்கணும்னு கட்டாயம் இல்ல, நல்லா கவனிச்சாங்கன்னா வைங்க.

சொல்றது எப்படின்னா, பில்லு வந்த பிறகு சொல்லாதீங்க, அப்பதான் மூஞ்சி சுருங்கும். பாட்டில் ஆர்டர் பண்ணும்போதே சிரிச்சுக்கிட்டே, ஒயினைத் தனி பில்லுல போடுங்கண்ணேன்னு சர்வர்கிட்ட சொல்லிடுங்க, வேலை முடிஞ்சது. அப்புறம் ஒருத்தர் கார்டுல கட்டி மத்தவங்க டியூட்நவ்ல அனுப்பறதா இருந்தா, கட்டுனவர் அன்னிக்கு ராத்திரியே குரூப்ல கணக்கைப் போடணும், ஒரு வாரம் கழிச்சு போட்டா யாருக்கும் ஞாபகம் இருக்காது, எல்லாரும் ப்ளூ டிக் மட்டும் விடுவாங்க.

புலாவ் தீக்குஸ், பினாங்கு வாசகி:
கட்டை அடுப்பு பீட்சான்னு ஒரு கடைல வாங்கினோம், ஓரமெல்லாம் கருகிப் போயி நடுவுல ஈரமா இருந்துச்சு. திருப்பிக் குடுக்கலாம்னு நான் சொன்னேன், கூட வந்தவ அதான் ஒரிஜினல்னு என்னை அடக்கிட்டா. யாரு சொல்றது சரி?

பதில்:
உங்க கூட்டாளிதான், ஆனா ஒரு எல்லை வரைக்கும். நேப்பிள்ஸ் பாணி பீட்சாவுக்கு அடுப்பு 430லேருந்து 485 டிகிரி செல்சியஸ் வரைக்கும் இருக்கும், உள்ள போன 60லேருந்து 90 செகண்டுல வெளிய வந்துடும். அந்தச் சூட்டுல ஓரம் உப்பி அங்கங்க கரும்புள்ளி விழும், தந்தூரி அடுப்புல ஒட்டி எடுத்த நான்ல விழற புள்ளி மாதிரிதான். நேரம் கம்மிங்கறதால நடுவுல தக்காளியும் மோசரெல்லாவும் விட்ட தண்ணி வத்தாது, கொழகொழன்னுதான் நிக்கும், அதுக்குத்தான் அங்க ஆளுக்கு ஒரு பீட்சாவ வெச்சு கத்தி முள்கரண்டில வெட்டி சாப்பிடறாங்க. நேப்பிள்ஸ் பீட்சாக்காரங்களோட அந்தக் கைவேலையை 2017ல யுனெஸ்கோ பண்பாட்டுப் பட்டியல்லயே சேர்த்திருக்காங்க. ஆனா புள்ளி வேற, கரி வேற. அடிப்பக்கத்தை லேசா தூக்கிப் பாருங்க, புள்ளி புள்ளியா இருந்தா சாப்பிடுங்க, அடி முழுக்க கறுப்பா கசந்தா தைரியமா திருப்பி அனுப்புங்க. இல்ல எனக்கு மொறுமொறுன்னுதான் வேணும்னா ரோமன் பாணி, மெல்லிசா செய்றது, அது கிடைக்கிற கடைக்குப் போங்க. ஆறு டாப்பிங் ஏத்தி நேப்பிள்ஸ் பீட்சா கேட்டுட்டு நடுவுல ஈரம்னு சொன்னா அதுக்கு அடுப்பு பொறுப்பில்ல.

கெப்போங் வாசகர்:
என் கூட்டாளி ஒருத்தன் இத்தாலிக்கு ஒரு வாட்டி போயிட்டு வந்ததிலேருந்து எங்க சாப்பிட்டாலும் கார்பொனாரா பாஸ்தால கிரீம் போடறது குத்தம்னு கத்தறான். சர்வர் பாவம். நெசமாவே குத்தமா?

பதில்:
ரோம்ல இன்னிக்குப் போடற கார்பொனாரால கிரீம் கிடையாதுங்கறது உண்மைதான். முட்டை மஞ்சக்கரு, பெக்கோரினோ, மிளகு, குவான்சாலேன்னு பன்னிக் கன்னத்தை உப்புல பதப்படுத்துனது, இவ்ளோதான். ஆனா அது ஏதோ ரோமாபுரி ராஜா காலத்துலேருந்து அப்படியே வந்ததுன்னு உங்க கூட்டாளி நினைச்சா அது தப்பு. அந்தச் சாப்பாடே ரெண்டாம் உலகப் போருக்கு அப்புறம்தான் பேரு வாங்குச்சு, 1954ல ஒரு இத்தாலிய சமையல் பத்திரிகைல வந்த குறிப்புல பூண்டும் கிரூயேர் சீஸும் இருக்கு. அதெல்லாம் போட்டு செஞ்சா இப்ப ரோம்காரங்களே சண்டைக்கு வருவாங்க.

இங்க கடைங்க ஏன் கிரீம் போடறாங்கன்னா, மஞ்சக்கரு சுமார் 70 டிகிரியைத் தாண்டுனா திரிஞ்சு முட்டைப் பொரியல் ஆயிடும், அடுப்பை அணைச்சுட்டு பாஸ்தா வெந்த தண்ணியை விட்டு விட்டு வேகமா கிளறணும், சனிக்கிழமை ராத்திரி இருபது ஆர்டர் ஓடும்போது அதுக்கு யாருக்கும் கை இல்ல. கிரீம் விட்டா பிரச்சினை இல்லாம நிக்கும், ஜனங்களுக்கும் அந்த ருசி பழகிப் போச்சு. எனக்குப் பிடிக்குமான்னு கேட்டா பிடிக்காது, நாலு வாய்க்கு மேல தெகட்டும். ஆனா மெனுல கிரீம்னு எழுதி வெச்சிருக்குற கடைல போய் உக்காந்து அதை ஆர்டர் பண்ணிட்டு சர்வர்கிட்ட பாடம் எடுக்கறவன் பக்கத்துல உக்கார்றதைவிட கிரீமே தேவலை. அடுத்த வாட்டி ஆர்டர் குடுக்கறதுக்கு முன்னாடி கிரீம் இல்லாம செய்ய முடியுமான்னு அவனையே கேக்கச் சொல்லுங்க, முட்டைல செய்யத் தெரிஞ்ச சமையல்காரர் சந்தோஷமா செஞ்சு குடுப்பாரு.

செராஸ் வாசகி:
பாஸ்தாவுக்கு சிலி பாடி கேட்டேன், மானம் போச்சுடீன்னு சொல்றாளுங்க.

பதில்:
கேளுங்க, மானம் எங்கயும் போகாது. இத்தாலில தெக்கால இருக்குற கலாப்ரியாக்காரங்க மொளகாயில்லாம சாப்பிட மாட்டாங்க. தக்காளியும் மொளகாயும் ரெண்டுமே அமெரிக்காக் கண்டத்துலேருந்து கப்பல் ஏறி அவங்களுக்கும் போச்சு, நமக்கும் வந்துச்சு. ஒரு வாய் சும்மா சாப்பிட்டுப் பார்த்துட்டு அப்புறம் கேளுங்க, அவ்ளோதான் மரியாதை. மொளகா எண்ணெய் இருந்தா அது இன்னும் நல்லது. கெச்சப் மட்டும் கேட்டீங்கன்னா நானே உங்க கூட்டாளிங்க பக்கம்.

பங்சார் வாசகி:
எங்க குரூப்ல ஒருத்தி அஞ்சு மாச கர்ப்பம். அவளுக்காகத்தான் இந்த விருந்தே. திராமிசு, அதான் கோப்பி விட்ட அந்த கிரீம் கேக்கு, அதுன்னா உயிரு. குடுக்கலாமா?

பதில்:
கேட்டுட்டுக் குடுங்க. வழக்கமான திராமிசுல முட்டை பச்சையா அடிச்சு மஸ்கார்ப்போனேல கலக்குறது, சால்மொனெல்லா பயம் இருக்குறதால கர்ப்பமா இருக்குறவங்களுக்கு அது வேணாம். சில கடைல மஞ்சக்கருவைச் சுடுதண்ணி மேல வெச்சு சூடாக்கி அடிப்பாங்க, இல்ல பாஸ்டரைஸ் பண்ண முட்டை போடுவாங்க, சில கடைல முட்டையே இல்லாம வெறும் கிரீம்ல செய்வாங்க. அதோட மார்சாலா ஒயின் இல்ல ரம் ஊத்தியிருக்கான்னும் கேளுங்க, கோப்பியும் கொஞ்சம் உள்ள போகும். திராமிசு மட்டும் இல்ல, கொர்கொன்சோலா மாதிரி நீலப் பூஞ்சை சீஸ், சமைக்காத ஹாம் சலாமி, இதையும் அவ தட்டுக்குப் போக விடாதீங்க. பீட்சா மேல போட்டு நல்லா வெந்து கொதிக்கிறதுன்னா பயம் கம்மி. டாக்டர் ஏதாச்சும் தனியா சொல்லியிருந்தா அதான் முதல். ஜெலாத்தோ வாங்கினா கடைல முட்டை சேர்க்காத பழ வகை, சொர்பெத்தோன்னு கேளுங்க, அவளும் சந்தோஷமா சாப்பிடுவா.

செத்தாப்பாக் வாசகர்:
ரெண்டு கிளாஸ் ஒயின்தான அக்கா, காரை எடுத்துட்டு வரலாம்ல?

பதில்:
கிராப் எடுங்க. 2020லேருந்து நம்ம சட்டத்துல எல்லை 100 மில்லி ரத்தத்துல 50 மில்லிகிராம்தான், முன்ன 80 இருந்துச்சு. ரெண்டு கிளாஸ்ல தாண்டுமா தாண்டாதான்னு உங்க உடம்பை வெச்சு ரோட்டுல பரிசோதனை பண்ண வேணாம்.

பண்டார் துன் ரசாக் வாசகி:
ஆறு பேருக்கு எவ்ளோ ஆர்டர் பண்றது? எப்பவும் மிஞ்சுது. மிஞ்சுனதை தாபாவ் பண்ணி எடுத்துட்டு வந்தா மறுநாள் ரப்பர் மாதிரி ஆயிடுது.

பதில்:
எல்லாரும் ஒரே நேரத்துல ஆளுக்கு ஒண்ணு சொல்லிட்டு நடுவுல பகிர ரெண்டு சொல்றதாலதான் மிஞ்சுது. மொதல்ல ரெண்டு ஸ்டார்ட்டர், ரெண்டு பீட்சா, ரெண்டு பாஸ்தா சொல்லுங்க, நடுவுல வெச்சு சாப்பிடுங்க. பத்தலன்னா இன்னொரு பாஸ்தா, பத்து பதினஞ்சு நிமிஷத்துல வந்துடும். கோழி, மீனுன்னு பெரிய தட்டு வேணும்னா ஒரு பாஸ்தாவைக் குறைச்சுட்டு சொல்லுங்க. ஸ்டார்ட்டர் ரொட்டியை மட்டும் கொஞ்சம் பார்த்து சாப்பிடுங்க, பசில அதுலயே வயித்தை ரொப்பிட்டு பீட்சா வரும்போது எல்லாரும் போனை நோண்டறாங்க.

தாபாவ் விஷயம். நம்ம சூட்டுக்கு ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஃப்ரிட்ஜுக்குள்ள போயிடணும், சாப்பிட்டுட்டு மாமாக்ல தே தாரிக் குடிக்கப் போறதா இருந்தா தாபாவே வேணாம். மறுநாள் பீட்சாவை மைக்ரோவேவ்ல வெச்சா ரப்பர்தான் ஆகும், தோசைக்கல்லைச் சின்னத் தீயில வெச்சு அது மேல போடுங்க, கல்லு ஓரத்துல நாலு சொட்டுத் தண்ணி தெளிச்சு மூடிடுங்க, நாலஞ்சு நிமிஷத்துல அடி மொறுமொறு, மேல சீஸ் உருகிடும். தக்காளி சாஸ் பாஸ்தான்னா வாணலில ரெண்டு கரண்டித் தண்ணி விட்டுப் பெரட்டுங்க. கிரீம் இல்லாத கார்பொனாராவ தாபாவ் பண்ணவே பண்ணாதீங்க, சூடு பண்ணா முட்டை திரிஞ்சுடும், அதை அங்கயே யாராச்சும் முடிச்சுடுங்க. ரிசோட்டோ மிஞ்சுனா எனக்கு சந்தோஷம்தான், மிலான்ல மறுநாள் அதை வெண்ணெய் போட்டு தட்டையா தட்டி ரெண்டு பக்கமும் செவக்க விட்டு சாப்பிடறாங்க, அதுக்கும் அதே தோசைக்கல்லு போதும், திருப்பும்போது மட்டும் ஒரு தட்டை மேல கவுத்துத் திருப்புங்க, இல்லன்னா ஒடைஞ்சுடும்.